கடைகண்ணிக்குப் போய்வருவதில் உங்களுக்கு மனசு நிறைகிறதா?

பல்லடத்து மருமகள் கேட்கிறார்:

வணக்கம்ங்க எல்லோருக்கும். ரொம்ப நாளாக மனசுக்குள் கிடக்கிற விஷயம், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே கேட்கிறேன்.

எங்கள் வீட்டில் மாமனார் இருந்தவரைக்கும் வெளிவேலை எல்லாம் அவர்தான் பார்த்தார். ரேஷன், மாவு மில், காஸ், அத்தைக்குப் பிரஷர் மாத்திரை, தோட்டத்துக்குப் போய்த் தேங்காய் எடுத்து வருவது, எல்லாமே. போன வருஷம் அவர் தவறிய பிறகு அத்தனையும் என் தலையில் வந்தது. வீட்டுக்காரருக்குத் தறிக்குடோனில் ராத்திரி ஷிப்ட், பகலில் தூங்கி எழுந்து சாப்பிடவே பொழுது சரியாகிவிடும், அவரைக் குறை சொல்லவில்லை. பையன் பத்தாவது, பொண்ணு ஆறாவது. அத்தைக்கு மூட்டுவலி, வாசல் தாண்ட முடியாது.

மாமா இந்த வேலைகளுக்குச் சலித்துக்கொண்டு போனதாக எனக்கு ஞாபகமே இல்லை. மஞ்சப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினார் என்றால் மாவு மில்லில் இருந்து வர ஒரு மணி நேரம் ஆகும். வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து, "மேக்கால தோட்டத்துல மாடு கன்னு போட்டிருக்குது, காளைக்கன்னு" என்றோ, "அவிய போர்ல தண்ணி வந்திருச்சாமா" என்றோ அத்தையிடம் சிரித்த முகமாகச் சொல்லுவார். அதே மில்லுக்கும் அதே ரேஷன் கடைக்கும்தான் நானும் போகிறேன். எனக்குப் போகும்போதும் கடுப்பு, வரும்போதும் கடுப்பு. வரிசையில் நிற்கும்போது வீட்டில் கிடக்கிற துணி ஞாபகம், துணி துவைக்கும்போது இன்னும் வாங்காத சாமான் ஞாபகம்.

தோழி ஒருத்தி, ராத்திரி படுக்கும் முன்னால் நன்றி சொல்ல வேண்டிய விஷயங்களை நோட்டில் எழுதிப் பார் என்றாள். எழுதினேன். முதலில் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் பார்த்தால் "பிள்ளைகள் நலம், வீடு இருக்கிறது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை" என்று அதே வரிகளை இம்போசிஷன் எழுதுவது போல எழுதிக்கொண்டிருந்தேன், மனசில் ஒன்றும் ஒட்டவில்லை. நோட்டு இப்போது பிரிட்ஜ் மேல் கிடக்கிறது.

தத்துவம் எதுவும் வேண்டாம்ங்க. மில்லிலும் மருந்துக்கடையிலும் நிற்கும்போது, சந்தைக்குப் போய்வரும்போது, உங்களுக்கு நிஜமாகவே மனசு நிறைகிற மாதிரி ஏதாவது நடக்கிறதா? அது தானாக வருவதா, பழக்கிக்கொண்டதா? அதைத்தான் தெரிந்துகொள்ள ஆசை.


கவுந்தப்பாடிக்காரர் எழுதியது:

அம்மணி, உங்கள் மாமனார் வயசுக்காரன்தான் நானும், அதனால் அவர் ஏன் சிரித்த முகமாக வந்தார் என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும். மாவு அரைப்பது ஒரு சாக்கு, ஆளைப் பார்த்து நாலு வார்த்தை பேசத்தான் எங்கள் வயசுக்காரர்களில் பாதிப் பேர் அங்கே போவது. வீட்டில் அடுப்பும் துணியும் அவருக்காகக் காத்துக்கிடக்கவில்லை, அதை அத்தையும் நீங்களும் பார்த்துக்கொண்டீர்கள். அந்த ஒரு மணி நேரம் அவர் கையில் இருந்தது, உங்கள் கையில் இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் உங்கள் மனசில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். விடியக்காலம் பால் கறந்து எக்ஸெல் வண்டியில் கேனை மாட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போவேன். அங்கே இருக்கிற பையன் கேனைக் கலக்கிச் சின்ன பாட்டிலில் சாம்பிள் எடுத்து மெஷினில் வைப்பான், கொழுப்பு இவ்வளவு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு போகப் பாலில் இருக்கிற மற்ற சத்து) இவ்வளவு என்று சீட்டு வரும், அதை வைத்துத்தான் விலை. பருத்திக்கொட்டை ஒழுங்காக வைத்த வாரத்தில் கொழுப்பு கொஞ்சம் ஏறி நிற்கும். அந்தச் சீட்டைப் பார்க்கிறபோது வருகிற சந்தோஷம் பணத்துக்காக மட்டும் என்று சொல்ல மாட்டேன், நாம் கவனித்ததற்கு மாடு திருப்பிச் சொல்கிற பதில் அது. அப்புறம் அந்தப் பையன். மழையானாலும் பனியானாலும் நாங்கள் போவதற்கு முன்னால் விளக்குப் போட்டுக் கதவைத் திறந்து வைத்திருப்பான். நோம்பி நாளிலும் மாடு கறந்துதானே ஆக வேண்டும், அதனால் தீபாவளி அன்றைக்கும் அவனுக்கு லீவு கிடையாது. அவனுடைய கல்யாணத்துக்குப் பால் ஊற்றுகிற எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் போய் நின்றோம். ராத்திரி முகூர்த்தக்கால் நடும்போதே போய்விட்டவர்களும் உண்டு. யாரும் யாரையும் கூப்பிடவில்லை, அவரவர் கிளம்பிப் போனதுதான்.

திரும்பி வரும் வழியில் வாய்க்கால் பாலம். ஆகஸ்ட் வாக்கில் கீழ்பவானியில் தண்ணீர் விட்டார்கள் என்றால் கொஞ்ச நேரம் வண்டியை ஓரம்கட்டிவிட்டு நிற்பேன். அந்தத் தண்ணீர் வருகிற பவானிசாகர் அணை வேலை 1948இல் ஆரம்பித்து 1955இல் முடிந்தது, அது மண் அணை, என் தகப்பனார் வாலிப வயசில் அங்கே மண் சுமந்து கூலி வாங்கினவர். வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடுகிறது, இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது என்று புத்தகத்தில் இருக்கும். எனக்கு அதில் எங்கள் அப்பன் சுமந்த கூடையும் இருக்கிறது என்று தோன்றும். கரும்பு வெட்டுகிற காலமாக இருந்தால் பாலம் தாண்டியதும் ஆலைக்கொட்டகையில் பாகு காய்கிற வாசம் ரோடு வரைக்கும் வந்துவிடும். இங்கே விற்பனைக்கூடத்தில் ஏலம் போகிற நாட்டுச்சர்க்கரையைத்தான் பழனிக்குப் பஞ்சாமிர்தத்துக்கு வாங்கிப் போகிறார்கள். ஒவ்வொரு முறை பஞ்சாமிர்தம் வாயில் வைக்கும்போதும் இந்த வாசம் எனக்கு ஞாபகம் வரும்.

நீங்கள் கேட்டதற்கு நேரான பதில்: பழக்கிக்கொண்டது இல்லை அம்மணி. யார் என்ன பாடுபட்டு இது நம் கைக்கு வந்தது என்று தெரிந்திருந்தால் தானாகவே வரும். தெரியாத சாமானில் வராது. சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட் மாவு வாங்கும்போது எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை.


திருப்பூர் செக்கிங் டேபிள் எழுதியது:

அக்கா, பெரியவர் முதல் பாராவில் சொன்னதை நான் இரண்டு தடவை படித்தேன். ஒரு ஆம்பளை வாயில் இருந்து இதைக் கேட்க எவ்வளவு ஆறுதலாக இருக்கிறது.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி எட்டரைக்கு வெளியே வருவேன், எக்ஸ்போர்ட் அவசரம் என்றால் அதற்கும் மேலே. இப்படி நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வருகிறவளிடம் போய் "எல்லாத்துக்கும் நன்றியோட இரு" என்று சொன்னால் கோபம்தான் வரும், வரத்தான் வேண்டும். முதலில் வேலையைப் பங்கு போடுங்கள் அக்கா. பத்தாவது படிக்கிற பையன் மருந்துக்கடைக்குப் போகலாம், சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கத் தெரியாதா அவனுக்கு? பொண்ணு தேங்காய் துருவலாம். உடம்பு கொஞ்சம் ஆறினால்தான் கண்ணுக்கு எதுவும் தெரியும்.

எனக்கு மாறியது பஸ்ஸில் இருந்து. 2021 மே மாசத்தில் இருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதே, அதைப் பலரும் பலவிதமாகப் பேசுகிறார்கள், எனக்கு அது என்னவாக இருக்கிறது என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் எங்கே போனாலும் போக வரக் காசு எவ்வளவு, இந்த ஒரு வேலைக்காகப் போகலாமா, இன்னொன்றும் சேரட்டுமா என்று கணக்குப் போட்டுத்தான் படி இறங்குவேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னலோரமாக உட்கார்ந்து அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன், எதுவும் வாங்க வேண்டியதில்லை, எந்த வேலையும் இல்லை, சும்மாதான் போகிறேன். அம்மா அரிசியும் பருப்பும் ஆக்கி வைத்திருப்பாள், சின்ன வெங்காயமும் பூண்டும் தட்டிப்போட்டு, மேலே ஒரு கரண்டி நெய். சாப்பிட்டுவிட்டு அங்கேயே ஒரு தூக்கம். சும்மா போய்வர முடிகிறது என்பதே எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய விஷயம் அக்கா.

ரேஷன் கடை பற்றி நீங்கள் சொன்னதால் இதையும் சொல்கிறேன். அம்மாவுக்கு வயசான விரல், வேலை செய்து தேய்ந்து போய் மெஷினில் ரேகை விழாது. கடையில் இருக்கிற அக்கா ஒரு ஈரத்துணி வைத்திருக்கிறார், அம்மா விரலை அவரே பிடித்துத் துடைத்து, கட்டைவிரல் விழவில்லையா, ஆள்காட்டி விரல், அதுவும் இல்லையா, இடது கை என்று பொறுமையாக மாற்றி மாற்றி வைப்பார். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுத்தால், "உங்களுக்கும் வயசாகும்ங்க" என்று ஒரே வார்த்தை. அரிசி காசில்லாமல், பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், அது சர்க்கார் கொடுப்பது. அம்மா விரலைப் பிடித்துத் துடைப்பது அந்த அக்கா கொடுப்பது. நான் இரண்டையும் வேறு வேறாகத்தான் வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் ஒரு முழம் மல்லியும் ஒரு பிளேட் காளானும் எனக்கே எனக்கு. வெங்காயமும் கொத்தமல்லியும் மேலே தூவி, சுடச்சுட, ரோட்டோரம் நின்றுகொண்டே. இதில் யாருக்கும் பங்கு கிடையாது. நீங்களும் உங்களுக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் அக்கா.


சிங்காநல்லூர் டீச்சர் எழுதியது:

நோட்டு விஷயத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன், கொஞ்சம் நீண்டுவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நோட்டுப் பழக்கம் பிரபலமானதற்கு முக்கியமான ஒரு காரணம் 2003இல் அமெரிக்காவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு உளவியல் பேராசிரியர்கள் வெளியிட்ட ஆய்வு. மாணவர்களைப் பிரித்து, ஒரு பகுதியினரை அந்த வாரத்தில் நன்றிக்குரியதாகத் தோன்றியதை அஞ்சு வரைக்கும் எழுதச் சொன்னார்கள், இன்னொரு பகுதியினரை எரிச்சல் தந்தவற்றை எழுதச் சொன்னார்கள், மற்றவர்கள் பொதுவாக நடந்ததை எழுதினார்கள். 10 வாரம் இப்படி. நன்றிக்குரியதை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி மொத்தத்தில் திருப்தியாகவும் வருகிற வாரத்தைப் பற்றி நம்பிக்கையாகவும் இருந்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் எழுதியது வாரத்துக்கு ஒருமுறை. அப்புறம் சோன்யா லியுபோமிர்ஸ்கி என்ற பேராசிரியர் குழுவினர் ஆறு வாரம் செய்து பார்த்ததில், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது, வாரத்துக்கு மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. அடிக்கடி எழுதினால் பழகிப்போய்ச் சப்பென்று ஆகிவிடுகிறது. ஆகவே உங்கள் மனசில் ஒட்டாமல் போனதற்கு நீங்கள் காரணமில்லை. பிரிட்ஜ் மேல் இருக்கிற நோட்டை வெள்ளிக்கிழமை மட்டும் எடுங்கள், போதும்.

இன்னொன்று என் அனுபவத்தில் சொல்வது. "வீடு இருக்கிறது" என்று எழுதினால் மனசு அசையாது, அது ரொம்பப் பெரிசு. ஆளையும் செயலையும் எழுதுங்கள். எங்கள் உழவர் சந்தையில் சூலூர்ப் பக்கத்தில் இருந்து வருகிற ஒரு அம்மா கீரை விற்பார். உழவர் சந்தை 1999 நவம்பர் 14இல் முதலில் மதுரையில் ஆரம்பித்தது, அப்புறம் நம் பக்கம் எல்லாம் வந்தது, தோட்டம் வைத்திருக்கிறவர்களே அடையாள அட்டையோடு நேரில் வந்து விற்கலாம், கடை வாடகை கிடையாது, தராசு அங்கேயே கொடுப்பார்கள், அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். பலகை விலைக்கு மேல் ஒரு பைசா அந்த அம்மா வாங்க மாட்டார். நான் சீக்கிரம் போன நாளில் பார்த்திருக்கிறேன், ஈரச்சாக்கை விரித்து, அரைக்கீரை தனியாக, சிறுகீரை தனியாக அடுக்கி, வேர் மண்ணை ஒவ்வொரு கட்டாகத் தட்டி உதறி, பழுத்த இலையைக் கிள்ளி எடுத்துவிட்டுத்தான் முன்னால் வைப்பார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து டார்ச் அடித்துப் பறித்த கீரை என்று பேச்சுவாக்கில் ஒருநாள் சொன்னார், பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. காசு கொடுத்த பிறகு கொசுறாக ஒரு கொத்துக் கறிவேப்பிலை பையில் விழும். நான் கேட்டதே இல்லை.

அன்றைக்கு வீட்டில் கீரை கடையும்போது எனக்கு அந்த டார்ச் வெளிச்சம் ஞாபகம் வந்தது. அதை நோட்டில் எழுதினேன். இப்படி எழுதினால் அதே வரி இரண்டாவது தடவை வராது, ஏனென்றால் ஆள் வேறு, நடந்தது வேறு.

செக்கிங் டேபிள் தங்கச்சி சொன்னதை நான் முழுசாக ஒத்துக்கொள்கிறேன். பங்கு போடாத வீட்டில் நோட்டு ஒன்றும் செய்யாது.


அன்னூர் குளத்துக்கரை எழுதியது:

எழுதுவது எல்லாம் எனக்கு வராது டீச்சர், நான் பார்க்கிற ஆள். என் விஷயம் தண்ணீர்.

எங்கள் பக்கம் ஆயிரம் அடிக்குக் கீழே போர் போட்டும் வெறும் புகை வந்த தோட்டங்கள் எத்தனையோ. வண்டி ராத்திரி முழுக்க ஓடும், விடிகிறபோது குழாயைச் சுற்றி வெள்ளை மண்ணுக் குவியல்தான் இருக்கும், வீட்டுக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருப்பார். இதைச் சின்ன வயசில் இருந்து பார்த்தவன். அத்திக்கடவு தண்ணீர் வரும் வரும் என்று எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, காலத்தில் இருந்து பேச்சு. மனு, உண்ணாவிரதம், மறியல், எல்லாம் நடந்தது. அப்பாரு கைநாட்டு வைத்த மனுவின் நகல் எங்கள் வீட்டுப் பீரோவில் இன்னும் இருக்கிறது. அவர் பார்க்கவில்லை. 2024 ஆகஸ்ட் 17 அன்று அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரியாகப் போகிற தண்ணீரை ஆறு இடத்தில் பம்ப் வைத்து மேடேற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மூன்று மாவட்டத்திலும் 1,045 ஏரி குளம் குட்டைக்குக் குழாயில் கொண்டுவருகிறார்கள். தண்ணீர் தானாக மேட்டுக்கு ஏறாது, யாரோ ஒருவர் பம்ப் பக்கத்தில் ராத்திரி டியூட்டி பார்த்தால்தான் எங்கள் குளத்துக்கு வரும்.

குளத்தில் தண்ணீர் வந்ததில் இருந்து எனக்குக் கடைக்குப் போகிற வழி மாறிவிட்டது. புண்ணாக்கு வாங்கவோ, பூச்சி மருந்து வாங்கவோ, மெயின் ரோடு வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம். நான் கரை மேலே சுற்றிக்கொண்டுதான் போகிறேன். வெறும் சீமைக்கருவேலம் நின்ற இடம். இப்போது நீர்க்காகம் இறக்கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. என் சின்னப் பையன் முதல் தடவை பார்த்தபோது "அப்பா, இதுல அடி தெரியலியே" என்றான், குளத்துக்கு அடி தெரிந்துதான் அவனுக்குப் பழக்கம். கரையில் நிற்கிற வயசானவர்கள் யாரும் பெரிசாகப் பேசுவதில்லை, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நானும் நிற்பேன். வீட்டில் "புண்ணாக்கு வாங்க இவ்வளவு நேரமா?" என்று கேட்பார்கள், குளத்துக்கரையில் வந்தேன் என்று சொன்னால் அதற்கப்புறம் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

பல்லடத்துக்கும் கிட்டத்தில் ஏதாவது குளம் இருந்தால் அந்த வழியாகப் போய்வந்து பாருங்களேன். சும்மா சொல்கிறேன்.


பல்லடத்து மருமகள் எழுதியது:

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லைங்க. அத்தைக்கும் படித்துக் காட்டினேன். பெரியவர் எழுதியதைக் கேட்டுவிட்டு, "அவரும் இப்படித்தான் பேசுவாரு" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

தங்கச்சி சொன்னபடி மருந்துக்கடை பையனிடம் போய்விட்டது. முதலில் முனகினான், இப்போது சைக்கிளில் போய் வாங்கி, சீட்டில் இருக்கிற மாத்திரைப் பெயரைச் சரிபார்த்து டப்பாவில் போட்டு வைக்கிறான். அப்பத்தாவுக்குக் காலையில் எது, ராவுக்கு எது என்று இப்போது அவனுக்குத்தான் தெரியும்.

மில்லுக்கு நேற்று அவசரமில்லாமல் போனேன். இத்தனை நாள் போயும் நான் கவனிக்காததை எழுதுகிறேன். நான் ராகி கொண்டுபோயிருந்தேன், எனக்கு முன்னால் ஒருத்தர் கோதுமை அரைத்தார். மில்காரர் என் தூக்கில் இருந்து ஒரு பிடி ராகியை அள்ளி மெஷினில் போட்டு ஓட்டி, வந்த மாவைத் தனியாக ஒரு முறத்தில் தள்ளினார். "எதுக்குங்க இது?" என்று கேட்டேன். முன்னால் ஓடிய கோதுமை உள்ளே ஒட்டியிருக்கும், அது உங்கள் மாவில் கலக்கக் கூடாது, அதற்குத்தான் என்றார். மிளகாய் அரைக்கிற மெஷின் தனி, அதன் பக்கம் இந்தத் தூக்கையே வைக்கவிட மாட்டாராம். அப்புறம் அவராகவே, "பெரியவரு களிக்குன்னா கொஞ்சம் கொரகொரப்பாக் கேப்பாருங்க, உங்களுக்கும் அப்படியே விடட்டுங்களா?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினேன். கல்லை லேசாகத் திருகித் தளர்த்திவிட்டு, விழுகிற மாவை இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்து, மறுபடி ஒரு திருகு திருகி, அப்புறம்தான் மொத்தத்தையும் கொட்டினார். மாமா போனபிறகும் எங்கள் வீட்டுக் களி அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

டீச்சர் சொன்ன வெள்ளிக்கிழமை நோட்டில் இதைத்தான் முதலில் எழுதப் போகிறேன். குளத்துக்கரை அண்ணா, எங்கள் பக்கத்திலும் குட்டை ஒன்று இருக்கிறது, மழை பெய்தால்தான் தண்ணீர். பெய்யட்டும், பார்க்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அத்தைக்குச் சந்தகை (எங்கள் பக்கத்து இடியாப்பம்) சாப்பிட ஆசை வந்திருக்கிறது. மாமா இருந்தபோது மரச் சந்தகைப் பலகையில் அவர்தான் பிழிவார், நான் மாவு மட்டும்தான் ஆட்டிக் கொடுப்பேன். பக்குவம் யாருக்காவது தெரியுமா?


கவுந்தப்பாடிக்காரர் எழுதியது:

என் சம்சாரத்திடம் கேட்டு எழுதுகிறேன் அம்மணி. இட்லி அரிசியை நாலு மணி நேரம் ஊறப்போட்டு, உப்புச் சேர்த்து, தோசை மாவு பதத்துக்கு நைசாக ஆட்டி, புளிக்க விடாமல் உடனே இட்லித் தட்டில் ஊற்றி வேகவைக்க வேண்டுமாம். வெந்ததைச் சூடு ஆறுவதற்குள் பிழிந்துவிட வேண்டும், ஆறினால் பலகையில் இறங்காது, அறுந்து அறுந்து வரும். ஒருத்தர் அடுப்பில் இருந்து எடுத்து எடுத்துப் போட வேண்டும், ஒருத்தர் அழுத்த வேண்டும், தனியாக முடியாத வேலை. அழுத்துவதற்குப் பையனைக் கூப்பிடுங்கள், அந்த வயசுக்குக் கையில் பலம் இருக்கும். அத்தைக்குத் தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும், பிள்ளைகளுக்கு எலுமிச்சம்பழம் பிழிந்து தாளித்துக் கொடுங்கள். சர்க்கரை வேண்டுமென்றால் சொல்லுங்கள், எங்கள் ஊரில் இருந்து யாராவது பல்லடம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.


திருப்பூர் செக்கிங் டேபிள் எழுதியது:

அக்கா, பிழிந்த சந்தகை கொஞ்சம் ஆறின பிறகு தாளியுங்கள், சூட்டோடு கிளறினால் கட்டியாகிவிடும். பொட்டுக்கடலையைப் பொடி பண்ணி மேலே தூவினால் இன்னும் நன்றாக இருக்கும், எங்கள் அமுச்சி (அம்மாவைப் பெத்தவங்க) அப்படித்தான் செய்வார்கள்.